கம்பிக்கு அடியில் என்ன இருக்கிறது?

பழைய கட்டிடம் இடிபடும் இடத்தில் ஒரு நிமிடம் நிற்க நேர்ந்தால், உடைந்த பீமில் மேல்கம்பி பெயர்ந்துபோன தடத்தைக் கவனியுங்கள். கம்பிக்கு மேலே இருந்த கான்கிரீட்டில் கம்பியின் புடைத்த வரிகள் ஒவ்வொன்றும் அச்சு வார்த்ததுபோல் பதிந்திருக்கும். கீழே இருந்த கான்கிரீட்டில் அந்த அச்சு பல நேரம் மங்கியிருக்கும். சில இடங்களில் வரியே பதியாமல், மெல்லிய பள்ளமாக வெளுத்துக் கிடக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது. கான்கிரீட் இறுகிய பிறகு தண்ணீர் போய்விட்டது, அது நின்ற இடம் மட்டும் மிச்சம்.

வைப்ரேட்டர் இல்லாமல் தானே ஓடி, கம்பிகளுக்கு இடையே நுழைந்து, தன் எடையாலேயே படிந்துகொள்ளும் கான்கிரீட்டை எஸ்சிசி (செல்ஃப் கம்பாக்டிங் கான்கிரீட்) என்கிறார்கள். அதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் ஓட்டத்தைத்தான் வியப்பார்கள். கம்பி அதில் பிடிக்குமா என்று கேட்டால், 'நன்றாகவே பிடிக்கும், சில ஆய்வுகளில் சாதாரணக் கான்கிரீட்டைவிடக் கூடுதலாகவே வந்திருக்கிறது' என்று பதில் வரும். தவறில்லை. ஆனால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். எஸ்சிசி ஏதோ வலுவான பசை என்பதால் அல்ல. பெரும்பகுதி வருவது மேலே சொன்ன பள்ளம் உருவாகாமல் போவதால்தான்.

பிடிப்பு என்று எவ்வளவைச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம். 16 மி.மீ. கம்பி, எஃப்இ 500 என்ற வலிமை ரகம். வடிவமைப்பில் அதன் மீது அனுமதிக்கும் இழுவிசை சுமார் 87 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 9 டன். ஒரு லாரி பாரம். இந்த 9 டன்னும் கம்பியின் மேற்பரப்பு வழியாகத்தான் கான்கிரீட்டுக்குப் போயாக வேண்டும், வேறு வழி கிடையாது. இந்தியக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456:2000-ன்படி எம்25 தரக் கான்கிரீட்டில் வழவழப்பான கம்பிக்கு ஒரு சதுர மி.மீட்டருக்கு 1.4 நியூட்டன் பிடிப்பு கொள்ளலாம். வரிக் கம்பி என்றால் 60 சதவீதம் கூட்டி 2.24. வகுத்துப் பார்த்தால் அந்தக் கம்பி கான்கிரீட்டுக்குள் 776 மி.மீ. நீளம் புதைந்திருக்க வேண்டும் என்று வரும். சைட்டில் லேப் விட, அதாவது இரு கம்பிகளைப் பக்கத்தில் பக்கம் படியவிட்டு இணைக்க, ஏறக்குறைய 50 மடங்கு விட்டம் என்று கொத்தனார் வாய்க்கணக்காகச் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

இந்தப் பிடிப்பு மூன்று வழியாக வருகிறது. சிமெண்ட் பசை இரும்பில் ஒட்டிக்கொள்வது ஒன்று. இது மிகச் சொற்பம், கம்பி மயிரிழை நகர்ந்தாலே விட்டுப்போகும். உராய்வு இரண்டாவது. மூன்றாவதும் முக்கியமானதும், கம்பியின் வரிகள் கான்கிரீட்டில் முட்டிக்கொண்டு நிற்பது. எர்னஸ்ட் ரான்சம் 1884-ல் சதுரக் கம்பியை முறுக்கிக் காப்புரிமை வாங்கியதும் இந்த முட்டுக்காகத்தான். நம் ஊரில் டார் ஸ்டீல் வந்து, அது போய் டிஎம்டி வந்த பிறகும் பலர் வாயில் இன்னும் 'முறுக்குக் கம்பி' என்றே வருகிறது. பெயர் பழசானாலும் காரணம் அதேதான். 1913-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டஃப் ஏப்ரம்ஸ் கம்பிகளைக் கான்கிரீட்டிலிருந்து இழுத்து இழுத்துச் சோதித்து வெளியிட்ட அறிக்கைதான் இந்தத் துறையின் தொடக்க கால ஆவணங்களில் முக்கியமானது. இன்றைக்கும் இழுவைச் சோதனையின் அடிப்படை அதிலிருந்து பெரிதாக மாறவில்லை.

வரி முட்டும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காட்டியவர் ஜப்பானின் கோட்டோ. 1971-ல் வெளியான அவருடைய சோதனையில், கம்பி புதைத்த கான்கிரீட் தண்டை இழுத்தபடியே உள்ளே மை செலுத்தி, பிறகு நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு வரியின் நுனியிலிருந்தும் சாய்வாக, கூம்பு கூம்பாகச் சிறு விரிசல்கள் மை ஏறித் தெரிந்தன. பெரும்பாலானவை கம்பிக்குச் சுமார் 60 பாகைச் சாய்வில். அதாவது வரி கான்கிரீட்டை முன்னோக்கி மட்டும் தள்ளுவதில்லை, வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. ஆப்பு அடித்தால் விறகு பிளப்பதுபோல. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள கான்கிரீட் கனம், அதாவது கவர், குறைவாக இருந்தால் கான்கிரீட் கம்பியின் நீளத்துக்குப் பிளந்துகொள்ளும். கவர் தாராளமாக இருந்து ரிங் கம்பிகளும் நெருக்கமாக இருந்தால் பிளக்காது, வரிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பற்கள் அரைபட்டுக் கம்பி உருவிக்கொண்டு வரும். தோற்றுப்போக இப்படி இரண்டு பாதைகள் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். சாதாரணக் கான்கிரீட்டைக் கொட்டி வைப்ரேட்டர் போட்டு முடித்ததும் அது சும்மா இருப்பதில்லை. ஜல்லியும் மணலும் மெல்லக் கீழே இறங்கும், தண்ணீர் மேலே ஏறும். ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால் மண்டி அடியில் போய்த் தெளிவு மேலே நிற்குமே, அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. கம்பியோ இறங்க முடியாது, கட்டுக்கம்பியால் கட்டி, கவர் கட்டை மேல் உட்கார்த்தி வைத்திருக்கிறோம். கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட் இறங்கிவிட, கம்பி அங்கேயே நிற்க, நடுவில் இடைவெளி. ஏறி வரும் தண்ணீர் அந்த இடைவெளியில் வந்து தங்குகிறது. அடியில் எவ்வளவு ஆழத்துக்குக் கான்கிரீட் இருக்கிறதோ அவ்வளவு இறக்கம், அவ்வளவு தண்ணீர். அடிக்கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குக் கீழே இருப்பது ஒரு அங்குலக் கவர்தான். மேல்கம்பிதான் மாட்டிக்கொள்கிறது.

இதில் ஒரு கொடுமை. பால்கனியைத் தாங்க வெளியே நீட்டிய பீமிலும், தூண் மேல் தொடர்ந்து ஓடும் பீமிலும், இழுவிசையைத் தாங்குகிற முதன்மைக் கம்பியே மேல்கம்பிதான். அதிகம் பிடித்துக்கொள்ள வேண்டிய கம்பிக்குத்தான் பிடிமானம் குறைவாக வாய்க்கிறது. கட்டிடம் முழுவதையும் ஒரே பலகையாகத் தாங்கும், ஒன்றரை மீட்டர் கனமான ராஃப்ட் அடித்தளத்தின் மேல்வலையை நினைத்தால் இன்னும் மோசம்.

விதிமுறைகளுக்கு இது தெரியாத விஷயமல்ல. அமெரிக்காவின் ஏசிஐ 318, கம்பிக்குக் கீழே 300 மி.மீ.க்கு மேல் புதுக் கான்கிரீட் இருந்தால் புதை நீளத்தை 1.3 மடங்கு ஆக்கச் சொல்கிறது. யூரோகோட் 2, மோசமான இடத்தில் உள்ள கம்பிக்குப் பிடிப்பை 0.7 மடங்காகக் குறைக்கிறது. நம் ஐ.எஸ். 456 புதை நீளக் கணக்கில் இதைப் பற்றி வாயே திறக்காது. லேப் பற்றிய பகுதியில் மட்டும், மேற்புறக் கம்பிக்குக் கவர் விட்டத்தின் இரு மடங்குக்குக் குறைந்தால் லேப்பை 1.4 மடங்கு ஆக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. 16 மி.மீ. கம்பிக்கு 32 மி.மீ. கவர் விடும் வீட்டு பீம்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்தால், அந்த வரி எவ்வளவு அடிக்கடி பொருந்த வேண்டும் என்பது புரியும். பொருத்துகிறார்களா என்பது வேறு கதை.

எஸ்சிசி பிறந்தது பிடிப்புக்காக அல்ல. 1980-களில் ஜப்பானில் கட்டுமானங்கள் சீக்கிரம் பழுதாவது பெரிய கவலையாக இருந்தது. கான்கிரீட்டைச் சரியாக இறுக்கத் தெரிந்த தொழிலாளர்கள் குறைந்துபோனது அதற்கு ஒரு காரணம். வேலைக்காரர் திறமையை நம்பாத கான்கிரீட் வேண்டும் என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹஜிமே ஒகாமுரா 1986-ல் முன்வைத்தார். 1988-ல் முதல் மாதிரிக் கலவை தயாரானது. பத்தாண்டு கழித்துத் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ தொங்கு பாலத்தின் இரு நங்கூரத் தொகுதிகளில் 2,90,000 கன மீட்டர் இந்த வகைக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். ஆலையிலிருந்து 200 மீட்டர் குழாயில் தள்ளிக்கொண்டு வந்து, 3 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டும், 40 மி.மீ. ஜல்லி பிரியாமல் நின்றது. இரண்டரை ஆண்டு வேலை இரண்டு ஆண்டில் முடிந்தது.

ஒகாமுராவின் கலவை ரகசியம் கேட்க எளிது: ஜல்லியைக் குறை, தூளைக் கூட்டு, தண்ணீரைக் கூட்டாதே. சிமெண்டுடன் ஃபிளை ஆஷ், கசடுத் தூள், சுண்ணாம்புக்கல் தூள் எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டருக்கு 380 முதல் 600 கிலோ வரை தூள் போகும் என்று எஸ்சிசிக்கான ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. ஓட்டத்தைத் தருவது பாலிகார்பாக்சிலேட் வகை ரசாயனம். சிமெண்ட் துகள்களில் ஒட்டிக்கொண்டு, சீப்புப் பற்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளால் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிவைக்கிறது. ஆக, ஓட்டம் தண்ணீரால் வருவதில்லை. அதிகத் தூள் இருப்பதால் தண்ணீர் ஏறிவர இண்டு இடுக்கு கிடைப்பதும் கடினம். இட்லி மாவு ஓடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து நிற்காது. ரசம் தெளியும். நல்ல எஸ்சிசி இட்லி மாவு ஜாதி.

சரி, அப்போது கம்பிக்கு அடியில் என்ன ஆகிறது? இறக்கமும் தண்ணீரும் குறைவதால் கம்பியின் வயிற்றுப்பக்கம் வெறுமையாவதில்லை. கூடவே இன்னொன்றும் நடக்காமல் போகிறது. சாதாரண வேலையில் வைப்ரேட்டர் ஊசி கம்பியில் இடிக்காமல் வேலை செய்பவர்கள் அபூர்வம். சிலர் வேண்டுமென்றே கம்பியைப் பிடித்து அதிரவைப்பார்கள், கான்கிரீட் சட்டென்று இறங்கும் என்று. அதிரும் கம்பியைச் சுற்றித் தண்ணீர் மிகுந்த பசை கூடிக்கொள்ளும். எஸ்சிசியில் அந்த அதிர்வே கிடையாது.

நுண்ணளவிலும் இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கிடைமட்டக் கம்பியின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரும்பை ஒட்டியுள்ள மெல்லிய கான்கிரீட் படலத்தை நுண்ணூசியால் அழுத்தி அதன் விறைப்பை அளந்தார்கள். கீழ்ப்பக்கப் படலம் மேல்பக்கத்தைவிட மென்மையாக இருந்தது. அந்த ஏற்றத்தாழ்வு வைப்ரேட்டர் போட்ட கான்கிரீட்டில் அதிகம், எஸ்சிசியில் குறைவு. அதாவது எஸ்சிசி தந்தது உச்ச வலிமையை அல்ல, சமச்சீரை. உயரமான சுவர் மாதிரிகளில் அடியிலிருந்து மேல்வரை கம்பிகளைப் புதைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிற சோதனைகளிலும் இதே போக்கைப் பார்க்கலாம். அடிக்கம்பியில் இரு கான்கிரீட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேலே போகப் போக சாதாரணக் கான்கிரீட் சரியும், நல்ல எஸ்சிசி அந்த அளவுக்குச் சரியாது.

இங்கேதான் நிதானம் வேண்டும். 'எஸ்சிசியில் பிடிப்பு இத்தனை சதவீதம் கூடுதல்' என்று ஒரே எண்ணைச் சொல்பவரிடம், எந்தச் சோதனையில் என்று கேளுங்கள். கனசதுரத்தின் நடுவில் கம்பியை நட்டு இழுக்கும் சோதனையில் கம்பியைச் சுற்றி ஏராளமான கான்கிரீட் இருக்கும். பிளக்காது, உருவிக்கொண்டுதான் வரும். அங்கே தோல்வியைத் தீர்மானிப்பது வரிகளுக்கு இடையே உள்ள பசையின் அடர்த்தி. எஸ்சிசி மின்னும். நிஜ பீமில் கவர் 25 அல்லது 30 மி.மீ. அங்கே பெரும்பாலும் பிளவுதான். பிளவு பரவாமல் தடுப்பதில் ஜல்லிக்குப் பங்கு உண்டு, விரிசல் ஜல்லியைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கும் என்பதால். எஸ்சிசியில் ஜல்லி குறைவு. ஆகவே லேப் உள்ள பீமை வளைத்து உடைக்கும் சோதனைகளில் எஸ்சிசியின் சாதகம் சுருங்கிப்போவதில் ஆச்சரியமில்லை. ஒரு சோதனையின் எண்ணை எடுத்து மற்றதுக்குப் பொருத்துவது, தராசில் நிறுத்ததைப் படியில் அளந்து சொல்வதுபோல.

இன்னொரு நுணுக்கம், நாள் கணக்கு. ஓட்டம் தரும் ரசாயனம் கூடினால் கான்கிரீட் இறுகத் தொடங்குவது தள்ளிப்போகும். முதல் ஒரு நாள், இரண்டு நாளில் பிடிப்பு பின்தங்கியிருக்கும், பிறகு எட்டிப்பிடித்துவிடும். சாதாரண வீட்டுக்கு இது பொருட்டில்லை. ஆனால் முன்னழுத்த கர்டர் வார்க்கும் ஆலையில், மறுநாள் காலையிலேயே இழுத்துவைத்த கம்பிவடத்தை வெட்டி விசையைக் கான்கிரீட்டுக்கு மாற்றுவார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. 28 நாள் பலம் எவ்வளவு நன்றாக வந்தாலும் அதற்குப் பதிலாகாது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, ரசமாகிப்போன எஸ்சிசியைக் கண்டுதான். தண்ணீர் கொஞ்சம் கூடினால் போதும். எம்-சாண்டின் ஈரத்தைக் காலையில் சரியாக அளக்கவில்லை, அல்லது லாரி டிரைவர் வாளி ஊற்றினார். வட்டமாக ஓடவிட்டு விட்டத்தை அளக்கும் ஸ்லம்ப் ஃப்ளோ சோதனையில் அது 700 மி.மீ. அழகாக ஓடிக் காட்டும், சில நேரம் நல்ல கலவையைவிட அழகாகவே. ஆனால் உள்ளே ஜல்லி பிரிந்து, தண்ணீர் ஏறி, மேல்கம்பியின் கதி சாதாரணக் கான்கிரீட்டைவிடக் கேவலமாகும். காரணம் புரிந்தால் வியப்பில்லை. சாதாரணக் கான்கிரீட் தன் விறைப்பாலேயே ஓரளவு தாங்கி நிற்கும். எஸ்சிசியில் அந்த விறைப்பை நாமே எடுத்துவிட்டோம், பிரியாமல் காப்பது தூளும் பிசுபிசுப்பும் மட்டும்தான். அது போனால் எதுவுமில்லை. ஓட்டத்தை அளக்கும் சோதனை ஓட்டத்தைத்தான் அளக்கிறது. வட்டத்தின் விளிம்பில் தண்ணீர் வளையம் தனியே நிற்கிறதா, ஜல்லி நடுவில் குவிந்து கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும், சல்லடையில் ஊற்றிப் பசை எவ்வளவு வடிகிறது என்று நிறுப்பதும்தான் பிடிப்புக்கு நெருக்கமான தகவலைத் தரும். ஐரோப்பிய வழிகாட்டியில் அப்படிச் சல்லடையில் வடிவது 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கறாரான வேலைக்கு 15.

எதிர்ப்பக்கத்துக் கோளாறும் உண்டு. மிகவும் பிசுபிசுத்த கலவை, வேகமாகக் கொட்டினால், கூடவே காற்றை இழுத்துக்கொண்டு வரும். குமிழி மேலே ஏறும் வழியில் கிடைக்கம்பி குறுக்கிட்டால் அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தட்டிவிட வைப்ரேட்டரும் இல்லை. தண்ணீருக்குப் பதில் காற்று, பள்ளம் என்னவோ அதே பள்ளம். அதனால் ஒரு மூலையிலிருந்து கொட்டி, கான்கிரீட் முகம் ஒரே பக்கமாக நகர்ந்து போக விடுவது நல்லது, காற்று முன்னால் தள்ளப்பட்டு வெளியேறும். நாலு பக்கமும் கொட்டி நடுவில் சேரவிட்டால் காற்றுக்குப் போக்கிடம் இல்லை.

கம்பியில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசிய எண்ணெய் சிந்தியிருந்தாலோ, சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலோ எஸ்சிசி கழுவிக்கொடுக்காது. அதிர்வு கொஞ்சமாவது உரசிவிடும், ஓட்டம் தடவிக்கொண்டு போய்விடும். மெல்லிய துரு பரவாயில்லை. செதில் செதிலாக உரியும் துரு கூடாது.

அப்படியானால் நல்ல எஸ்சிசி போட்டால் மேல்கம்பிக்கு அந்த 1.3 மடங்கை விட்டுவிடலாமா? சேமிப்பு சின்னதல்ல. மேலே பார்த்த 776 மி.மீ. கம்பிக்கு அந்த 1.3-ஐப் போட்டால் ஒரு மீட்டரைத் தாண்டும், ஒவ்வொரு லேப்புக்கும் 23 செ.மீ. கூடுதல் கம்பி. ஆனால் ஏசிஐ 318 எஸ்சிசிக்குத் தனிச் சலுகை தரவில்லை. நான் அதை ஏற்கிறேன். சலுகை தர வேண்டியது எஸ்சிசி என்ற பெயருக்கல்ல, தெளியாமல் நின்ற ஒரு குறிப்பிட்ட கலவைக்கு. அதை விதிப்புத்தகத்தில் ஒரு பெருக்கெண்ணாக எழுத முடியாது, ஒவ்வொரு லாரியிலும் நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் ஐ.எஸ். 10262 அதன் 2019 திருத்தத்தில்தான் எஸ்சிசி கலவை வடிவமைப்பைச் சேர்த்துக்கொண்டது. பழக்கம் வேரூன்ற நாளாகும்.

பெரிய வேலைகளில் இதற்கு ஒரு நேரடியான வழி வைத்திருக்கிறார்கள். நிஜ அளவில், நிஜ நெருக்கத்தில் கம்பி கட்டி, அதே பம்பால் ஒரு மாதிரிப் பகுதியை வார்த்து, சில நாள் கழித்து வைர ரம்பத்தால் குறுக்கே அறுப்பார்கள். அறுத்த முகத்தில் கம்பிகள் பளபளவென்று வட்ட வட்டமாகத் தெரியும். அனுபவப்பட்ட என்ஜினியர் அடிக்கம்பியைப் பார்ப்பதில்லை. நேரே மேல்வரிசைக்குப் போய், ஒவ்வொரு வட்டத்தின் கீழ்விளிம்பிலும் பிறை வடிவில் கருப்பாக ஏதாவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்.